திரும்பும் வண்டியில் சிப்பாய்

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
ஆவணி 22

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா எழுதுவது. அன்பு என்று போடுவது வழக்கம், போட்டுவிட்டேன்.

இங்கே நானும் சிப்பாயும் சுகம். என் மணிக்கட்டு கூடிவிட்டது, அவன் காதில் வந்த புண்ணும் ஆறிவிட்டது. நீயும் கீதாஞ்சலியும் குழந்தையும் பெர்த்தில் சுகமாக இருப்பதை ஞாயிறுதோறும் நீ அனுப்பும் படங்களில் பார்த்துக்கொள்கிறேன். அத்தனை பல் தெரியச் சிரிப்பவர்களிடம் தனியாக நலம் விசாரிக்க வேண்டியதில்லை. கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் கேட்டேன். அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்மா என்று சொன்னாய், நான் அடுத்ததைக் கேட்க வாயெடுத்ததும் சிக்னல் போய்விட்டது. உங்கள் ஊர் சிக்னல் சரியாக என் இரண்டாவது கேள்விக்குத்தான் போகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும், எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

மார்கழியில் மூவரும் பத்து நாள் வருகிறோம், அதில் ஒரு நாள் எல்லோருமாக நாயையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறோம் என்று ஆடி மாதமே சொன்னாய். சரி என்றேன். ஆனால் அந்த ஒரு நாளுக்கு நீ எழுதிய திட்டத்தை எனக்கு அனுப்பவில்லை, கார் ஓட்டுகிற வேடியப்பனுக்கு அனுப்பியிருக்கிறாய். அவன் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு அடி அண்ணாமலையிலிருந்து நேராக என்னிடம்தான் வந்தான். யம்மா, உங்க புள்ள இங்கிலீஷ்ல நாலு பக்கம் அனுப்பிக்கிறாரு, எனக்கு அதுல மணி மட்டும்தான் புரியுது, மத்தத நீங்க படிச்சுச் சொல்லுங்க என்றான். இங்கிலீஷில் எழுதினால் அம்மாவுக்கு எட்டாது என்று நீ நினைத்திருந்தால் அந்த நினைப்பில் மண். ஆசிரமத்துப் பக்கம் இருபத்தெட்டு வருடம் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவள் நான். பள்ளிக்கூடம் பார்த்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும், மற்றதெல்லாம் அவர்கள் விட்டுப் போன பத்திரிகையிலும் மருந்து டப்பாவிலும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தது. தான் யார் என்று கண்டுபிடிக்க அத்தனை தூரம் விமானத்தில் வந்தவர்கள், அறைச் சாவியை எங்கே வைத்தோம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த இங்கிலீஷ் இது. உன் நாலு பக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

தலைப்பே ஆஸ்கரின் கடற்கரை நாள். யாருங்க அந்த ஆஸ்கர், உங்க சம்பந்தியா என்று வேடியப்பன் கேட்டான். நம் நாய்க்கு நீ வைத்த பெயர்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயருக்கு அவன் ஒரு தடவைகூடக் காதை அசைத்ததில்லை. சிப்பாயி மாதிரி நேரா நடக்குது பாரு என்று பக்கத்து வீட்டு முன்னி பேகம் சொன்ன அன்றைக்கே அவன் சிப்பாய் ஆகிவிட்டான். காலை நாலே முக்காலுக்கு ஆஸ்கருக்கு நாஸ்டா. ஐந்துக்கு வண்டி. ஆறு பத்துக்குச் செஞ்சியில் பத்து நிமிடம் நிறுத்தம், ஒன்றுக்குப் போக, ஆஸ்கர் மற்றும் அம்மா. நாயும் நானும் ஒரே வரியில். அப்புறம் நாய்க்கு மிதக்கிற சட்டை, சிவப்பு நிறம். நாய்க்குக் காலுறை, மணல் சுடுமாம். நாய் மூக்கில் தடவ வெயில் களிம்பு. நாய்க்கு நீலத் துண்டு, மனிதர்களுக்கு வெள்ளைத் துண்டு. இந்த ஊர் நாய் அது, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் படுத்துத் தூங்குகிற ஜாதி. அதன் மூக்குக்குக் களிம்பு போட நாலு மாதத்துக்கு முன்பே மணி குறித்து வைத்திருக்கிறாய். உன் அப்பாவுக்கு வைத்தியத்துக்கு வேலூருக்குப் போகும்போதுகூட நாம் கிளம்புகிற காலையில்தான் பையைத் தேடினோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரித்துக்கொண்டேதான் மூன்றாம் பக்கம் வரைக்கும் வந்தேன். அங்கே மதியம் இரண்டரை மணிக்கு ஆஸ்கர் டிராப் என்று போட்டு, புதுச்சேரிப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதியிருக்கிறாய். டிராப் என்றால் என்ன என்று தெரியாதவளா நான், வாசலில் ஆட்டோக்காரர்கள் நாளெல்லாம் சொல்லுகிற வார்த்தை. நாலாம் பக்கம் திரும்பும் பயணம். நீ, கீதாஞ்சலி, குழந்தை, நான், வேடியப்பன். அவ்வளவுதான் பெயர்கள். நீலத் துண்டு இல்லை, தண்ணீர்க் கிண்ணம் இல்லை, நாய் இல்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன், அச்சில் விட்டுப் போயிருக்கும் என்று. வேடியப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அதான் கேக்கணும்னு வந்தேன்மா, போறப்ப நாய் கீது, வர்றப்ப காணோம், நாய எங்க எறக்கி வுடுறோம், அத்த மட்டும் கரெக்டா சொல்லிட்டா வழி பாத்து வச்சிக்குவேன் என்றான். பெற்ற மகன் அம்மாவை ஏமாற்றி நாயை ஊர் கடத்துகிறான் என்று டிரைவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. சென்னையில் அடுக்குமாடியில் எனக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாய், கீழேயே டாக்டர், மேலேயே சாப்பாடு, அங்கே நாய்க்கு அனுமதி இல்லை என்று ஆடியில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். சித்ரா பௌர்ணமிக்கு நான் கிரிவலப் பாதையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன், நாயோடு நடந்ததால்தான் விழுந்தேன், நாய் போய்விட்டால் அம்மா மூட்டை கட்டிவிடுவாள், இதுதானே உன் முடிவு. நேராகக் கேட்டிருந்தால் முடியாது என்று நேராகச் சொல்லியிருப்பேன், அதற்குப் பயந்து கடலைக் காட்டுகிறாய். நன்றாகக் கேட்டுக்கொள். நான் நாயால் விழவில்லை. அன்னதானம் வாங்கித் தின்றுவிட்டுப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போன பாக்குமட்டைத் தட்டில் கால் வைத்து விழுந்தேன். புண்ணியம் தேடி வருகிறவர்கள் எச்சில் தட்டைப் போடக் குப்பைத் தொட்டி தேடமாட்டார்கள். அன்றைக்கு அத்தனை ஆயிரம் பேர் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள், இரண்டு பேர் படம்கூட எடுத்தார்கள். நாய் மட்டும் நின்றது. ஒன்பது வருடத்தில் அவன் வலத்தை முடிக்காமல் பாதியில் நின்ற ஒரே நாள் அதுதான். நம் வாசல் ஆட்டோக்காரர் சர்தார் பாய் வண்டி கொண்டுவரும் வரைக்கும் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். இதை நான் போனில் சொன்னபோது நீ ம், ம் என்றாய்.

அவனைக் கொண்டுவந்ததும் நீதான், அதையும் ஞாபகப்படுத்துகிறேன். உன் அப்பா போய் ஒரு வருடம் ஆகவில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனவன் விடியும்போது சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்து, உனக்குத் துணைக்கு இருக்கட்டும்மா என்றாய். எனக்கு எந்தத் துணையும் வேண்டாம் என்றேன், நீ கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் விமானம் ஏறிவிட்டாய், ஏழு வருடத்தில் இரண்டு தடவை வந்தாய். அவனோ தினமும் வருகிறான். விடிகாலையில் வாசலில் இறங்கி மேற்கே போவான், மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலை, காஞ்சி ரோடு, பெரிய கோயில் என்று முழுச் சுற்றும் சுற்றி, எட்டரை மணிக்குக் கிழக்கே இருந்து வீட்டுக்கு வருவான். போன வழியே திரும்பி வந்ததே கிடையாது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் சண்டை போட்டபடியே வலம் வருகிற மனிதர்களைவிட ஒழுங்கு. கட்ட வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் போதும், வந்துவிடுவான்.

நீ கடலைக் காட்டி ஏமாற்றுகிறாய் என்று தெரிந்ததும், அந்தக் கடலை நானே ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். எனக்கு அறுபத்தாறு வயது, மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற கடலை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய வேலையும் இருந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை வேடியப்பனை வண்டி எடுக்கச் சொன்னேன். புதுச்சேரி வேண்டாம், மரக்காணம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் போ என்றேன். முன்னி பேகம் நானும் வரேன் என்று கிளம்பிவிட்டாள். தொழுகைத் துணியில் நாய் நாக்குப் படக் கூடாது என்று அவள் முன் சீட்டில், நானும் சிப்பாயும் பின் சீட்டில். அந்தத் தூரமெல்லாம் சீட்டோடுதான், ஒன்பது வருடமாக மதில்மேல் கறி எலும்பு போடுகிறவள் அவள்தான். அக்கா, கடலுக்குப் புள்ளைங்கள கூட்டிக்கினு போவாங்க, புருஷன கூட்டிக்கினு போவாங்க, நாய கூட்டிக்கினு போற மொத ஆளு நீதான் என்றாள். எனக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மகன் இருக்கான், அங்கே இதுதான் குடும்பம் என்றேன். செஞ்சியில் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. நானும் இறங்கவில்லை, அவனும் இறங்கவில்லை. வாந்தி மாத்திரை என்று எனக்கு எழுதியிருந்தாயே, அதைப் போட வேண்டியிருந்தது வேடியப்பனுக்கு, முன்னாடி போன கருவாட்டு லாரியின் நாற்றத்தில்.

கடல் பெரிதாக இருக்கிறது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. இதற்கா அடித்துக்கொள்கிறீர்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத தண்ணீர், வருவதும் போவதும், கூச்சல் வேறு. வாயில் பட்டால் துப்ப வேண்டும். நம் மலை ஒரு நாளாவது இப்படி நடந்துகொண்டதுண்டா. சிப்பாய் ஓரத்தில் நின்று கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினான், என் கருத்துதான் அவன் கருத்தும். பிறகு கயிற்றை இழுத்தான். வடக்கே நடக்க வேண்டும் அவனுக்கு. தெற்கே திருப்பினால் நகரமாட்டேன் என்கிறான். வடக்கே பார்த்து நின்றால் கடல் வலப்பக்கம் வருகிறது, எனக்கு அப்போதே புரிந்தது. பெரிதாக ஒன்று இருக்கிறது, அதை வலப்பக்கம் வைத்து நடக்க வேண்டும், அவனுக்குத் தெரிந்த நடை அது. சரி, போய்ச் சுற்றிவிட்டு வா என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கயித்த வுடாதக்கா, புது எடம் என்று முன்னி பேகம் சொன்னாள். ஒன்பது வருஷமா வராத நாயா என்றேன். அதுவும் சர்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

இனி எழுதப்போவதை வேடியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், எப்படியும் உன் காதுக்கு வரும், அதனால் நானே எழுதுகிறேன். மூன்று பேரும் மணலில் துண்டு விரித்துத் தெற்கே பார்த்து உட்கார்ந்தோம். தயிர்சாதம் சாப்பிட்டோம், மாவடு கடித்தோம். நாய் போனது வடக்கே, வந்தால் தெற்கே இருந்துதானே வரும். மூன்று பேரில் ஒருவருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை. பெரிய வட்டம் போலிருக்கும்மா, லேட்டாவும் என்று வேடியப்பன் சொன்னான். ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அன்புச்செல்வி என்று பேர் சொன்னாள், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். யாருக்காகங்க அந்தப் பக்கமே பாத்துக்கினு கீறீங்க, யாராச்சும் படகுல வர்றாங்களா என்று கேட்டாள். எங்க நாய் வரணும் என்றேன். உங்க நாய் அந்தாண்ட வடக்கால போயி ஒரு மணி நேரம் ஆவுதே என்றாள். ஆமாம், சுத்திக்கினு இப்பிடி வந்துடும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், முன்னி பேகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்த ஊருங்க நீங்கல்லாம், இது இன்னா மலையா சுத்திக்கினு வர, இப்பிடியே போனா மெட்ராசுதான் வரும் என்றாள். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை, சிரிக்க விட்டதும் இல்லை.

எழுந்து நடந்தேன். வேடியப்பன் நான் ஓடிப் போய்ப் பாக்குறேன்மா என்றான், உன்னிடம் அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பது போல இல்லை, ஒவ்வொரு அடியையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று கிலோமீட்டர் இருக்கும். நடுவே வேலூர்க்காரர்கள் ஒரு குடும்பம் உன் திட்டத்தில் இருக்கிற மாதிரியே ஒரு நாய்க்குச் சிவப்புச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். இரண்டரை மணிக்கு டிராப் என்று நீ ஒரு வரியில் போட்டிருந்தாயே, அந்த வேலையை நானே என் கையால் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கழிமுகம் ஒன்று வந்தது, உள்ளே இருக்கிற காயல் கடலில் போய்ச் சேருகிற இடம். அதற்குமேல் தரை இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்தான். முன்கால் இரண்டும் தண்ணீரில், வலப்பக்கம் கடல், முகம் வடக்கே. எத்தனை நேரமாக நின்றானோ, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டதும் வால் ஆடியது, தலை திரும்பவில்லை. திரும்பி வருவது என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேடியப்பன் கயிற்றைப் போட்டு இழுத்தான். சிப்பாய் உட்கார்ந்துவிட்டான். இன்னும் இழுத்தான், கழுத்து நெரிகிறது, எழுந்திருக்கவில்லை. சரியான பேஜார் புடிச்ச நாயிம்மா, தூக்கினு போயிடலாம் என்றான். கையை எடுடா என்று அதட்டினேன். சிப்பாயின் பிடிவாதம் இல்லை அது. வலப்பக்கம் ஒன்று இருந்தால்தான் அவனுக்கு வழி. அதைப் பிடுங்கிவிட்டு இழுத்தால் எந்தப் பக்கம் போவான். கொஞ்ச நேரம் அவன் பக்கத்திலேயே தண்ணீரில் நின்றேன். பிறகு அந்தக் காயல் தண்ணீரை வலப்பக்கம் வைத்து மேற்கே இரண்டு அடி எடுத்து வைத்தேன். பார்த்தான். எழுந்தான். வந்தான். காயல் ஓரமாகவே சவுக்குத் தோப்பு வரைக்கும் போனோம், அங்கே தோப்பை வலப்பக்கம் வைத்துத் தெற்கே திரும்பினேன். அவனும் திரும்பினான், தானாகவே முன்னால் போக ஆரம்பித்தான், வாலைத் தூக்கிக்கொண்டு, தினமும் காஞ்சி ரோட்டில் போகிற அதே நடை. யாரும் இழுக்கவில்லை. முன்னி பேகம் அப்போதும் தெற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் முதுகுப் பக்கமாக வந்து நின்றதும் துள்ளி எழுந்தாள். யா அல்லா, தெக்கால பாத்துக்கினு கெடக்கிறேன், வடக்கால இருந்து வர்றீங்களே என்றாள். தொழுகைத் துணியையும் மறந்து அவன் தலையைத் தடவினாள், மறுபடி குளிக்கணும் என்று திட்டவும் திட்டினாள். அன்புச்செல்வி அவனுக்கு ஒரு மீனும் எனக்கு ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தாள். சிரித்தவள் கையால் தண்ணீரை வாங்கிக் குடித்தேன், மார்கழியில் குடும்பத்தோடு வருகிறேன் என்றும் சொன்னேன்.

போகிறவர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிற ஊர் இது, இளவரசா. நீ போனபோது நானும் அப்படித்தான் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். எத்தனை வருடம் அது தப்பான திசை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேனோ. அதற்காக உன்னைத் தேடிக்கொண்டு பெர்த்துக்கு வரமாட்டேன், நீ திரும்பி வா என்று கேட்கவும் மாட்டேன், அது கேட்டு முடிந்த விஷயம். ஆனால் என்னைக் கயிறு போட்டுச் சென்னைக்கு இழுக்காதே. எனக்கும் வலப்பக்கம் அந்த மலை வேண்டும். கீழே டாக்டரும் மேலே சாப்பாடும் இருக்கிற இடத்தில் நான் எந்தப் பக்கம் பார்த்து நடப்பேன். பத்தாவது மாடியில் பால்கனியைச் சுற்றி வரவா. வீட்டை விற்கமாட்டேன், நாயை விடமாட்டேன், இதில் பேச ஒன்றும் இல்லை.

கடலுக்குப் போவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தை வரைந்து அனுப்பிய படம் சாமி அலமாரியில் இருக்கிறது, நீலமாக அலை, நடுவில் நாலு கால் உள்ள பிரவுன் கலர் ஒன்று, அது நாயா மாடா என்று முன்னி பேகத்துக்கும் எனக்கும் இன்னும் வழக்கு. அந்தக் குழந்தைக்கு நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய். காலையில் நாயோடு விளையாடிவிட்டுச் சாயங்காலம் காலி சீட்டைப் பார்த்து எங்கே என்று கேட்டால் என்ன சொல்லுவாய், நேர்ல பேசிக்கலாம் என்றா. அவளிடம் சிக்னல் போகாது, மடியிலேயே உட்கார்ந்திருப்பாள். அதனால் இப்போது என் திட்டம். வந்து இறங்கிய மறுநாள் விடிகாலையில் எழுந்து சிப்பாயோடு நீ முழுச் சுற்றும் நடக்க வேண்டும். பதினாலு கிலோமீட்டர், முடியாவிட்டால் ஆட்டோவில் ஏறிக்கொள், அவன் உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். நாலாம் நாள் கடல். அதே மரக்காணம், அதே குப்பம். சட்டை வேண்டாம், காலுறை வேண்டாம், களிம்பு வேண்டவே வேண்டாம். பத்து முழக் கயிறு ஒன்று போதும், அது என்னிடம் இருக்கிறது. போகும்போது கடல் வலப்பக்கம், வரும்போது சவுக்குத் தோப்பு வலப்பக்கம். கயிற்றைக் குழந்தை பிடிக்கட்டும், குழந்தையை நீ பிடி. அன்புச்செல்வியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மதியம் அவள் வீட்டில் மீன் குழம்பு. இரண்டரை மணிக்கு அங்கே படுத்துத் தூங்கலாம், அந்த நேரத்துக்கு நீ போட்டிருந்த வேலை ரத்து. புதுச்சேரிக்காரருக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு, நான் செய்தால் அவருக்குக் காது வலிக்கும்.

வேடியப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாயி ஏறாம நான் சாவியே போட மாட்டேன்மா, உங்க புள்ள அப்பறம் பஸ்ஸுலதான் வரணும் என்றான். அவன் ஒரு வாய்ச்சொல் வீரன், ஆனால் இதைச் செய்வான்.

கீதாஞ்சலி இளைத்த மாதிரி படத்தில் தெரிகிறது, கேழ்வரகு மாவு அரைத்து வைக்கிறேன், திரும்பும்போது எடுத்துப் போகட்டும். குழந்தை அபீதகுஜாம்பாளை அபி என்று கூப்பிடுவதை விடுங்கள், அம்மன் பெயரை வைத்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். வருவதற்குள் எது வலது கை, எது இடது கை என்று அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வா, கயிறு பிடிக்கப் போகிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உண்ணாமுலையம்மனும் அண்ணாமலையாரும் உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், இது ஒன்றைத் தவிர.

மறக்காதே. நாலாம் பக்கத்தைத் திருத்தி வேடியப்பனுக்குத் திரும்ப அனுப்பு. திரும்பும் வண்டியில் ஐந்து பேருக்குக் கீழே ஆறாவதாக ஒரு பெயர் இருக்க வேண்டும். ஆஸ்கர் என்று எழுதினால் செல்லாது.

சிப்பாயோடு போய்ச் சிப்பாயோடு வரப்போகும்
உன் அம்மா
தனம்